விடியட்டும் என்று காத்திருந்த ஆறு மணி நேரம்

நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, வலி எப்போது ஆரம்பித்தது என்பதைத்தான். அன்று விடிகாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கு வலி தொடங்கியது இரவு பதினொன்றுக்கு. ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். "கையில பணம் இல்ல டாக்டர். விடிஞ்சதும் யார்கிட்டயாவது புரட்டிட்டு வரலாம்னு இருந்தோம்" என்றார் அவர் மனைவி. அதற்குள் இதயத் தசையில் ஒரு பெரிய பகுதி செத்துப்போயிருந்தது.

கேஸ் ஷீட்டில் 'தாமதமாக வந்தார்' என்று எழுதுவோம். எதற்குப் பயந்து தாமதித்தார் என்று எழுத அதில் இடமில்லை.

உடம்பு நம் பணக்கஷ்டத்துக்காகக் காத்திருக்காது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மயங்கிக் கிடப்பவரால் நாலு இடத்தில் கட்டணம் விசாரிக்க முடியுமா?

சரி, சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். யாருக்கும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பே சொல்கிறது. ரயிலிலிருந்து விழுந்த ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், பணமில்லை என்று சொல்லி அரசு தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று அதே 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் 1986இலேயே, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் அந்தச் செலவுக்கென்று அந்தச் சட்டம் தனி நிதி எதையும் ஒதுக்கவில்லை. என் பார்வையில் சிக்கலே அங்கேதான். உரிமையை எழுதிவிட்டு பில்லை மருத்துவமனையின் தலையில் கட்டினால், "பெட் இல்லை" என்ற பதில்தான் வரும். வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காக நள்ளிரவில் போன் செய்து அந்தப் பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் மாதக் கடைசியில் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை தீயை அணைத்தது என்று எண்ணிப் பார்த்தா தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் தருகிறோம்? தீ பிடிக்காத நாளிலும் வண்டி தயாராக நிற்கத்தான் தருகிறோம். அவசர சிகிச்சையும் அப்படித்தான். நள்ளிரவு மூன்று மணிக்கு விழித்திருக்கும் நர்ஸ், ரத்த வங்கியில் இருக்கும் ரத்தம், யாருக்காகவோ காலியாக வைத்திருக்கும் வென்டிலேட்டர் படுக்கை, இதற்கெல்லாம் பொதுப் பணத்திலிருந்து முன்கூட்டியே நிதி வர வேண்டும். நோயாளி வந்த பிறகு தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், காலிப் படுக்கை நஷ்டமாகத்தான் தெரியும். அதை வைத்திருக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, பழைய வேலைக்குப் போக முடியவில்லை. அவருக்கு அப்புறம் வந்தவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: "பணத்துக்காகக் காத்திருந்தீங்களா?" ஆமாம் என்றால், கேஸ் ஷீட்டின் ஓரத்தில் அதையும் எழுதி வைக்கிறேன்.