தூக்கத்தில் வந்த பக்கவாதம்: எத்தனை மணிக்கு வந்தது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் படுத்த அவருடைய அப்புச்சியை (அம்மாவின் அப்பாவை) காலை ஐந்தரைக்கு எழுப்பினால், வாய் கோணியிருக்கிறது, வலது கை தூக்க வரவில்லை. "மொதல்ல சிடி எடுத்தாங்க. அப்புறம் எம்ஆர்ஐ எடுக்கோணும்னு கோயமுத்தூருக்கு அனுப்புனாங்க. ஒரே தலைக்கு ரெண்டு ஸ்கேன் எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. மூளை ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பதால்தான் பெரும்பாலும் பக்கவாதம் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசியும். கசிவு உண்டா என்பதை சிடி சில நிமிடங்களில் காட்டிவிடும். இல்லையென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், ஆனால் நாலரை மணி நேரத்துக்குள். பிந்தினால் பலன் குறையும், மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து மிஞ்சும். தூக்கத்தில் வந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. ஒன்பது மணி என்றால் எட்டரை மணி நேரம் ஓடிவிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஆகிறது.

கிணறு ஆழப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே பாறையை உடைப்பார்கள். கரண்ட் போனால் தண்ணீர் ஏறிவிடும். நரம்பு செல்லின் சவ்விலும் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. ரத்தம் நின்றால் பம்பும் நிற்கும். சோடியம் உள்ளே நுழைய, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். செல் உப்பும், செல்களுக்கு நடுவே இருந்த சந்து நெரியும்.

தண்ணீர் மூலக்கூறு சும்மா இருக்காது, அலைந்துகொண்டே இருக்கும். எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்கிற படம் அந்த அலைச்சலைத்தான் அளக்கிறது. காந்தப்புலத்தைச் சரித்து, இருக்கும் இடத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஓர் அடையாளம் வைக்கிறது. சில மில்லிநொடி கழித்து அதே அடையாளத்தை அழிக்கிறது. நகராமல் நின்றவற்றின் கணக்கு நேராகி, சிக்னல் முழுசாகத் திரும்பும். நகர்ந்தவற்றின் கணக்கு இடிக்கும், சிக்னல் மங்கும். உப்பிய செல்களுக்கிடையே தண்ணீர் அலைய இடமேது? அந்த இடம் சில நிமிடங்களிலேயே வெள்ளையாக மின்னும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது திகட்டுவதில்லை.

இன்னொரு படம் ஃப்ளேர். அது பார்ப்பது, திசுவில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் கூடியிருக்கிறது என்பதை. ஆரம்பத்தில் தண்ணீர் கூடவில்லை, செல்லுக்கு வெளியே இருந்தது உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்திலிருந்து புதிதாக வந்து சேர மணிக்கணக்காகும். அதனால் டிஃப்யூஷனில் வெள்ளை, ஃப்ளேரில் ஒன்றுமில்லை என்றால், அடைப்பு வந்து நாலரை மணி நேரம் ஆகியிருக்காது என்று பெரும்பாலும் நம்பலாம். ஊசி போடலாம். அப்புச்சிக்கு இரண்டாவது ஸ்கேன் இதற்குத்தான்.

ஐரோப்பாவில் இப்படி 503 பேரிடம் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் பெரிய குறையில்லாமல் தேறினார்கள். போடாதவர்களில் 42 சதவீதம். ஊசியால் கசிவு ஆபத்து கொஞ்சம் கூடவும் செய்தது. 800 பேரைச் சேர்ப்பதாக இருந்த ஆய்வு, நிதி நின்றுபோனதால் பாதியிலேயே முடிக்கப்பட்டது. எனக்கு இது ஆறவே இல்லை. இத்தனை பேர் பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்விக்கா பணம் இல்லை?

இன்னொரு ஆதங்கமும் உண்டு. புறா ரத்தம் தடவுவது, மந்திரிக்கப் போவது என்று இன்னும் சில வீடுகளில் முதல் மணி நேரம் கழிகிறது. புறா ரத்தம் தோலைத் தாண்டாது. அடைப்பு இருப்பது மண்டைக்குள். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் வாசகர் ஒரு வரி சேர்த்திருந்தார். ராத்திரி மூன்று மணிக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் அப்புச்சி தானே நடந்துபோய் மோட்டார் போட்டுவிட்டு வந்து, அமுச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தாராம். ஆஸ்பத்திரியில் யாரும் அமுச்சியைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று மணி என்று தெரிந்திருந்தால், ஐந்தரைக்குக் கையில் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருக்கும்.