முறுக்குப் பின்னல் தொப்பியும் கல்சியம் குளிசையும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் பிறந்ததும் மட்டக்களப்பில் வெயிலுக்குள் இருந்தபடியே பலர் கம்பளித் தொப்பி பின்னத் தொடங்கிவிடுகிறார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் குளிர் தொடங்குமுன் தொப்பி போய்ச் சேர வேண்டும். அதுவும் சாதாரணத் தொப்பி போதாது, கைபேசியில் பார்த்த, கயிறு திரித்தாற்போல் மேலெழுந்து நிற்கும் கேபிள் பின்னல், அதாவது முறுக்குப் பின்னல் தொப்பியாகவே வேண்டும். ஐப்பசி மழை இறங்கும்போது அந்தக் கைகள் எங்கள் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு வரத் தொடங்கும். இந்த வாரமும் ஆரையம்பதிப் பக்கமிருந்து ஒரு தாய் வந்திருந்தார். பெருவிரலைத் தொடவிடவில்லை, தேங்காய் துருவ முடியவில்லை, பால் பிழிய முடியவில்லை என்றார். எத்தனை நாளாக என்று கேட்டால் மூன்று மாதம். இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "கல்சியம் கொறஞ்சி போயிற்று போல மிஸ், குளிசை எடுக்கிறன்" என்ற அதே பதில்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் முதலில் இதையே பேசிவிடுகிறேன். மணிக்கட்டு வலிக்கும் கல்சியக் குறைவுக்கும் நம் ஊரில் யார் முடிச்சுப் போட்டார்களோ தெரியாது. எலும்பில் கல்சியம் குறைந்து எலும்பு தேய்ந்தாலும், அது முறியும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. இரத்தத்தில் கல்சியம் உண்மையிலேயே குறைந்தால் வாயைச் சுற்றியும் இரு கை விரல்களிலும் கூசும், தசை பிடித்து இழுக்கும். ஊசி பிடிக்கும் கையின் பெருவிரல் அடியை மட்டும் தேடிப் பிடித்து அது வலிக்க வைக்காது. வலி பெருவிரலின் பக்கமாக மணிக்கட்டில் ஓரிடத்தில் இருக்கிறது, பின்னும்போது கூடுகிறது, இரண்டு நாள் பின்னாமல் விட்டால் குறைகிறது என்றால், எந்தக் குளிசையும் அதற்கு மருந்தல்ல. குளிசையால் தீங்கில்லையே என்றும் சொல்லாதீர்கள். மலச்சிக்கல் ஒருபுறமிருக்க, தைரொயிட் சுரப்புக் குறைவுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்கள் அதனுடன் சேர்த்துக் கல்சியத்தையும் விழுங்கினால் தைரொக்சின் உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையில் நான்கு மணித்தியாலமாவது விட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தோடு சேர்த்து எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா தந்த குளிசையை எடுப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள்?

"இருந்த இடத்தில் இருந்து செய்கிற வேலைதானே" என்பது அடுத்த சமாதானம். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறியில் இருப்பவருக்குக் கால் மிதிக்கிறது, தோள் இழுக்கிறது, பாரம் உடம்பெங்கும் பிரிந்துபோகிறது; முறுக்குப் பின்னலில் எல்லாப் பாரமும் இரண்டு பெருவிரல்களில் வந்து இறங்குகிறது. முறுக்கும் இடத்தில் கை என்ன செய்கிறது என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள். மூன்று கண்ணிகளைச் சின்ன ஊசியில் எடுத்து முன்னால் தொங்க விடுகிறீர்கள். அடுத்த மூன்று கண்ணிகளை அவற்றைத் தாண்டி இழுத்துப் பின்னுகிறீர்கள். பிறகு காத்திருக்கும் மூன்றையும் பின்னுகிறீர்கள். இடம் மாறிய ஆறு கண்ணிகளும் இறுகி நிற்கின்றன. அந்த இறுக்கத்துக்குள் ஊசி முனையைத் தள்ளுவதற்குப் பெருவிரல் விறைத்து அழுத்துகிறது, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சரிகிறது. சுற்றுக்கு 96 கண்ணி, எட்டுக் கண்ணிக்கு (முறுக்கின் ஆறும் இடையில் இரண்டும்) ஒரு முறுக்கு என்று எடுத்தால் ஒரு சுற்றில் 12 முறுக்கு; ஆறு சுற்றுக்கு ஒருமுறை முறுக்கி 48 சுற்றுப் பின்னினால் ஒரு தொப்பிக்கே 96 முறுக்கு. உச்சியில் கண்ணி குறைத்து நான்கைந்து குட்டி ஊசிகளில் கோத்து முடிக்கும் பகுதியை நான் இதில் சேர்க்கவேயில்லை. ஆட்டு ரோமக் கம்பளி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும்; நம் கடைகளில் 'வூல்' என்று விற்கும் அக்ரிலிக் நூல் அவ்வளவு கொடுக்காது, பருத்தி நூல் அறவே கொடுக்காது.

வருகிறவர்களிடம் நான் பெரும்பாலும் காண்பது இரண்டு. ஒன்று, பெருவிரலைத் தூக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் கடந்துபோகும் உறை தடித்துப்போவது. சுவிட்சர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் டி கேர்வன் 1895இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. பெருவிரலை உள்ளே மடித்துக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சரித்தால் சுள்ளென்று வலிக்கும். ஒருமுறை பார்த்தால் போதும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்து காட்ட வேண்டாம். மற்றது, மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவது. இதில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை விறைக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். நள்ளிரவில் எழும்பிக் கையை உதறுகிறவர்கள் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டி, நீரிழிவோ தைரொயிட் குறைபாடோ இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். பெருவிரல் அடிச் சதை வற்றிய பின்னர், கையிலிருந்து கோப்பை நழுவத் தொடங்கிய பின்னர் வந்தால் என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நல்லெண்ணெய் தடவி அழுத்தி உருவுவதை நிறுத்துங்கள். வீங்கிய உறையை உருவினால் அது மேலும் வீங்கும். பாமசியில் வாங்கும் இழுபடும் மணிக்கட்டுப் பட்டி பெருவிரலைப் பிடித்து வைக்காது. முதல் வகை வலிக்குப் பெருவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் பட்டிதான் வேண்டும். நரம்பு நெரிபடுகிறவர்கள் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி போட்டுப் படுக்க வேண்டும். வைத்தியர் ஸ்டீரொய்ட் ஊசி போடலாம் என்றால் கை விளங்காமல் போய்விடும் என்று ஓடாதீர்கள், டி கேர்வனுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சீனி ஏறலாம், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்னுவதை விடச் சொல்லவில்லை, பின்னும் விதத்தை மாற்றச் சொல்கிறேன். நீண்ட நேர் ஊசிகளை ஒதுக்கிவிட்டு இரு குட்டி ஊசிகளை வளையும் வடம் இணைக்கும் வட்ட ஊசிக்கு மாறினால் தொப்பியின் பாரம் மடியில் கிடக்கும், மணிக்கட்டில் தொங்காது. அரை மில்லிமீற்றர் பெரிய ஊசியில் பத்துச் சென்ரிமீற்றர் மாதிரித் துண்டொன்று பின்னி, முறுக்கு இடங்களோடு சேர்த்து அளந்து பாருங்கள். முறுக்குப் பின்னல் துணியைச் சுருக்கும் என்பதால், அளக்காமல் தொடங்கித் தலைக்குப் பற்றாமல் போன தொப்பியை அவிழ்த்து மறுபடி பின்னுவதில்தான் பல கைகள் கெட்டிருக்கின்றன. முறுக்குச் சுற்று ஒன்று முடிந்ததும் ஊசியை வைத்துவிட்டு எழுந்து நடவுங்கள், விரல்களை விரியுங்கள். உச்சியை முடிக்கும் வேலையை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே பெருவிரல் நோகும் இளம் தாய்மார் இந்த ஆண்டு முறுக்கில்லாத தொப்பியே பின்னட்டும்; பிள்ளைக்குக் குளிர் ஒன்றும் கூடிவிடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். சிநேகிதருக்கும் சேர்த்து ஆறு தொப்பி வேண்டும் என்று கார்த்திகையில் அம்மாவுக்கு அழைப்பெடுக்காதீர்கள். சித்திரையிலேயே சொல்லிவிடுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் பாதி பின்னிய தொப்பியையும் ஊசியையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நீங்கள் இரண்டு முறுக்குப் பின்னுவதைப் பார்த்தால், எங்கே பிழைக்கிறது என்பதை எக்ஸ்ரே படத்தைவிட விரைவாக என்னால் சொல்ல முடியும்.