நேற்றுக் குடித்த கோப்பியால் இன்று செங்கமாரி வராது

ஒரே நாள் காலையில் ஒன்பது தொலைபேசி அழைப்பு. ஒன்பதும் ஒரே கோப்பிக் கடையைப் பற்றியது. "சேர், முகநூல்ல பாக்கல்லயா? ஐஸ் கோப்பி குடிச்ச பொடியனுக்குச் செங்கமாரியாம். இன்னும் ஏன் அந்தக் கடைய மூடாம இருக்கிறீங்க?" கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பொடியனைத் தெரியாது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பி.எச்.ஐ. என்றால்தான் ஊருக்கு விளங்கும். நுளம்புக் குடம்பி தேடிக் கிணற்றடிக்கு வருகிறவர், வாசலில் கண்டதுமே கடைப் பொடியன்மாரை அவசரமாகத் தொப்பி தேட வைக்கிறவர், அவர்தான். நினைத்த நேரம் ஒரு கடைக்குப் பூட்டுப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு நீதவான் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே போய், "முகநூலில் பார்த்தேன், ஐயா" என்று சொல்ல முடியாது.

பதிவைப் பார்த்தேன். ஒரு படத்தில் மஞ்சளித்த கண், இன்னொன்றில் கடையின் பெயர் அச்சடித்த கோப்பிக் குவளை. "நேற்றுப் பின்னேரம் இங்கதான் குடிச்சன். இண்டைக்குக் காலைல கண் மஞ்சள். கவனம் மக்களே." கீழே நூற்றுக்கணக்கில் கோபம். இப்படி இது எத்தனையாவது என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செங்கமாரி என்று நாம் சொல்லும் ஈரலழற்சி ஏ, கிருமி வயிற்றுக்குள் போன மறுநாள் கண்ணில் தெரியாது. பேதி மருந்தா அது, குடித்ததும் வேலை செய்ய? குறைந்தது 15 நாள் ஆகும், கூடினால் 50 நாள். பெரும்பாலும் நாலு கிழமை. அதாவது இன்று கண் மஞ்சளித்தால் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது நேற்றைய பின்னேரத்தை அல்ல, போன மாதத்தை. நெருப்புக் காய்ச்சலும் (டைபொயிட்) இப்படித்தான், ஒரு கிழமை முதல் மூன்று கிழமை வரை உள்ளே பதுங்கியிருந்துதான் காட்டும். சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி என்றால் அரை நாளில் இருந்து மூன்று நாள் வரை. சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வாந்தியாக வருவது வேறு கூட்டம், அதற்குப் பிறகு வருகிறேன். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு தவணை இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு எல்லாக் கிருமியும் கடைசியாகச் சாப்பிட்ட கடையில்தான் இருக்கும். அதிலும் அது புதுக் கடையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய தேத்தண்ணிக் கடையில் இருபது வருடமாகக் குடிக்கிறோமே, அங்கே எப்படி வரும்? இப்படி ஒரு நியாயம்.

அடுத்த நாள் வைத்தியசாலையில் இருந்து அந்தப் பொடியனின் எச் 544 அட்டை, அதாவது நோய் அறிவித்தல் அட்டை, வந்தது. செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல், உணவு நஞ்சாதல் எல்லாம் அறிவிக்க வேண்டிய நோய்கள். வைத்தியர் அட்டை அனுப்பினால் நாங்கள் வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்தவர்களின் அட்டைகள் பலவேளை வருவதே இல்லை. அந்தக் கவலையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

பொடியன் முன் விறாந்தையில் பாயில் சுருண்டு கிடந்தான். முதல் அரை மணித்தியாலம் அந்தக் கோப்பிக் கடையை விட்டு அவன் நகரவில்லை. "ஐஸ்ல ஒரு மாதிரி மணம் அடிச்சது சேர்." சரி தம்பி, போன மாதம் எங்கேயும் போனாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினான். தாய்தான் இடையில் வந்தார். "என்ன மனே, கதிர்காமம் நடந்து போனதச் சொல்லன்."

உகந்தையில் இருந்து குமண, யால காட்டு வழியாக நடந்திருக்கிறான். கொண்டுபோன போத்தல் தண்ணீர் முடிந்ததும் கும்புக்கன் ஓயாவில் அள்ளிக் குடித்திருக்கிறார்கள். அதே ஆற்றில்தான் ஆயிரக்கணக்கான ஆட்கள் முழுகுவதும், கரையோரப் பற்றைக்குள் ஒதுங்குவதும். ஆற்றுத் தண்ணீரால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கூட நடந்தவர்களில் இரண்டு பேருக்கும் அதே கிழமையில் கண் மஞ்சள். அவர்கள் அந்தக் கோப்பிக் கடையின் வாசலையே மிதிக்காதவர்கள்.

கடைக்காரர் இதை வாசித்துவிட்டுச் சந்தோசப்பட வேண்டாம். கடைக்கும் போனேன்.

ஐஸில் பிழை இல்லை. உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர்தான், குளோரின் மிச்சமும் சரியாக இருந்தது. (ஐஸில் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சொல்: சாகாது, உறங்கும். தண்ணீர் நல்லதென்றால்தான் ஐஸ் நல்லது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில், மணலில் வெட்டிய கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊர் இது.) பிழை கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியில். அழகான பெட்டி, உள்ளே மஞ்சள் பல்ப், மூன்று தட்டில் ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட். வெப்பமானியை ஒரு கோழி ரோல்ஸின் நடுவில் குத்தினேன். 41 பாகை. காலையில் பொரித்தது. நேரம் பிற்பகல் மூன்று மணி.

அந்தப் பல்ப் சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கவில்லை. கிருமிக்கு அடைகாக்கிறது. 60 பாகைக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 பாகைக்குக் கீழே. இடையில் வைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கக்கூடியவை கிருமிகள். ரோல்ஸை எடுத்துத் தந்த தம்பியின் சுட்டுவிரலில் வெட்டுக்காயம். சுற்றியிருந்த துணி மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. இடுக்கி பெட்டிக்கு மேலே கிடந்தது, பாவனையில்லாமல்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து புடவைக் கடைப் பிள்ளை ஒருத்தி மெல்ல வந்தாள். இரண்டு கிழமைக்கு முன்னால் அவளும் இன்னும் இரண்டு பேரும் இங்கே ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்களாம். மூன்று மணித்தியாலத்தில் மூன்று பேரும் வாந்தி. "ஏன் மகள் அப்பவே சொல்லல்ல?" "பாவம் சேர், தெரிஞ்ச ஆக்கள். இனிப் போறல்ல எண்டு விட்டுட்டம்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. உண்மையான முறைப்பாடு பாவம் பார்த்து வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பொய்யானது ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் தொலைபேசிக்கு வந்தது. அதே கடைக்கு இணையத்தில் எழுதியிருப்பதையும் பார்த்தேன். "சுவர் வடிவு, படம் எடுக்க நல்ல இடம்." "பொடியன்மார் சிரிச்ச முகம்." ஐந்து நட்சத்திரம். "பால் கோப்பிக்குச் சீனி கூட." இரண்டு நட்சத்திரம். விரல் துணியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது அநேகமாக ஸ்டபிலொகொக்கஸ் வேலை. காயத்திலும் மூக்கிலும் இருக்கிற கிருமி அது. சாப்பாட்டில் பெருகி நஞ்சைக் கக்கிவிட்டது என்றால், பிறகு மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் கிருமிதான் சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். ஆகவே "சுடச் சுடத்தானே தந்தாங்க" என்று என்னிடம் வராதீர்கள்.

கடைக்குப் போனால் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பாருங்கள். காசு வாங்கிய கை ரோல்ஸைத் தொடுகிறதா? பால் நுரைக்கிற குழாயைத் துடைத்த துணியால் மேசையையும் துடைக்கிறார்களா? கை கழுவுமிடத்துக்கு ஒரு தரம் போய் வாருங்கள். சவர்க்காரம் இல்லையென்றால் வேலை செய்கிறவர்களுக்கும் இல்லை என்று அர்த்தம். சானிடைசர் போத்தலைக் காட்டினால் ஏமாறாதீர்கள், செங்கமாரிக் கிருமிக்குச் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்ட நேரத்தையும் தொடங்கிய நேரத்தையும் எழுதி வையுங்கள். மிச்சம் இருந்தால் எறியாமல் சுத்தமான டப்பாவில் மூடி பிரிட்ஜில் வைத்து, அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து வந்தால் தட்டைக் கழுவி, பெட்டியைத் துடைத்து, சாம்பிராணியும் போட்டிருப்பார்கள். விலைப்பட்டியல் இல்லை, கூட விலை எடுத்தார்கள் என்றால் அது என் வேலை இல்லை, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள்.

கடைக்காரர்களிடம் திட்டாமல் ஒன்று கேட்கிறேன். செங்கமாரி வந்தவர் கண் மஞ்சளிப்பதற்கு முந்திய இரண்டு கிழமையில்தான் அதிகம் பரப்புகிறார். அப்போது அவருக்கு இருப்பது கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் வயிற்றோட்டம், பசியின்மை. நாட்கூலிப் பொடியன் அதைச் சொல்லமாட்டான். சொன்னால் அன்றைய கூலி போய்விடும். வயிற்றோட்டம் என்று சொன்னவனைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். கையில் காயம் என்றால் பாத்திரம் கழுவவும் வேண்டாம், கணக்கு எழுத விடுங்கள். இரண்டு நாள் கூலி உங்களுக்குப் பெரிய காசு இல்லை.

அந்தக் கடைக்காரருக்கு எழுத்தில் அறிவுறுத்தல் கொடுத்து, இரண்டு கிழமை தவணையும் கொடுத்தேன். நல்ல மனிதன், பிழையை மறுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை திரும்பப் போனபோது காயம்பட்ட தம்பி லீவில். பெட்டிக்குள் பல்ப் இல்லை, சாப்பாடும் இல்லை. வெறும் கண்ணாடி.

"ஆறிப்போன ரோல்ஸ ஆர் சேர் வாங்குவாங்க?" என்றார்.

"ஆறப் போடாதீங்க. உருட்டி பிரிட்ஜில வைங்க, கேக்கக் கேக்கப் பத்துப் பத்தாப் பொரிங்க."

"ஆக்கள் பத்து நிமிசம் நிக்கமாட்டாங்களே."

பின் மேசையில் இருந்த பெண் எங்கள் பக்கம் திரும்பினார். "நிப்பம் தம்பி. எனக்கு நாலு போடுங்க."