கவர்னர் ஜெனரல்: யாருக்குத் தலைமை?

கரீபியன் தீவு நாடான பார்படோஸைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இப்படி ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘தலைமை ஆளுநராக இருந்த சாண்ட்ரா மேசன், 2021இல் நாடு விடுதலை பெற்றதும் அதிபரானார்.’ பார்படோஸுக்கு விடுதலை கிடைத்தது 1966இல். 2021இல் நடந்தது வேறு. எலிசபெத் அரசியை நாட்டுத் தலைவர் இடத்திலிருந்து விலக்கிவிட்டு, அது குடியரசானது. இந்தப் பிழையில் பாதிப் பழி, கவர்னர் ஜெனரலுக்கு நாம் வைத்திருக்கும் ‘தலைமை ஆளுநர்’ என்ற சொல்லுக்குத்தான் என்பது என் கட்சி.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கவர்னர் என்பதன் வேர், கப்பலைச் செலுத்துவதைக் குறித்த கிரேக்கச் சொல். அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஆளுநர், ‘ஆள்’ என்ற வினையோடு ஓட்டுநர், இயக்குநரில் வரும் ‘நர்’ சேர்ந்தது. (‘ஆளுனர்’ என்று எழுதுகிறவர்களோடு இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்கிறேன்.) ஜெனரல் என்றால் ‘முழுமைக்குமான’ என்று பொருள். அட்டர்னி ஜெனரல், போஸ்ட்மாஸ்டர் ஜெனரலில் வருவதும் இதுதான். பட்டாளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, ‘தலைமை ஆளுநர்’ எங்கிருந்து வந்தது? 1773இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டம் வாரன் ஹேஸ்டிங்ஸை வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக்கி, சென்னை, பம்பாய் ஆளுநர்களை மேற்பார்க்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. ஆளுநர்களுக்கு மேல் ஓர் ஆளுநர் என்பதால் அவருக்குத் ‘தலைமை’ பொருந்தும். பார்படோஸின் கவர்னர் ஜெனரலுக்குக் கீழே எந்த ஆளுநர் இருந்தார்? ஒருவரும் இல்லை.

கரீபியனில் இந்தப் பதவியின் கதையே தனி. 1966 நவம்பர் 30 அன்று பார்படோஸ் விடுதலை பெற்றபோது, அதுவரை ஆளுநராக இருந்த ஜான் ஸ்டோவே கவர்னர் ஜெனரலானார். ஆள் மாறவில்லை, பதவி மாறியது. ஆளுநர் லண்டனுக்குக் கட்டுப்பட்டு ஆண்டவர். கவர்னர் ஜெனரலோ உள்ளூர்ப் பிரதமரின் சொற்படி அரசியார் நியமித்த பிரதிநிதி. நம் ஊர் வாசகருக்கு ‘ஆளுநர்’ என்றாலே டெல்லி அனுப்பிவைக்கும் ஆள்தான் நினைவுக்கு வருவார். முன்னால் ‘தலைமை’யும் சேர்த்தால் லண்டன் அனுப்பிய பெரிய ஆள் என்றுதானே தோன்றும்? அப்படிப்பட்டவர் 2021இல் போனால் அதை விடுதலை என்றுதான் வாசகர் நினைப்பார்.

உண்மையில் 2020 செப்டம்பரில் அரசியை விலக்கப்போவதாக அறிவித்த அரசு உரையை நாடாளுமன்றத்தில் வாசித்தவரே அரசியின் பிரதிநிதியான மேசன்தான். கொள்கை பிரதமர் மியா மோட்லி அரசுடையது, வாசித்த குரல் மேசனுடையது. ‘தலைமை ஆளுநர்’ என்று படிக்கிறவருக்கு இந்தக் காட்சி எப்படிப் புரியும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஹில்டா பைனோ 1968இல் கிரெனடாவின் ஆளுநரானார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். மினிட்டா கார்டன் 1981இல் பெலீஸின் முதல் கவர்னர் ஜெனரலானார்; அந்தப் பதவியில் அவர் முதல் பெண். அவசரத்தில் ‘தலைமை’யை விட்டுவிடுகிற மொழிபெயர்ப்பாளர் கையில் இருவருமே ‘முதல் பெண் ஆளுநர்’ ஆகிவிடுகிறார்கள்.

கனடாத் தமிழ் ஏடுகள் ‘ஆளுநர் நாயகம்’ என்று எழுதுகின்றன. செயலாளர் நாயகம், பணிப்பாளர் நாயகம் என்று இலங்கைத் தமிழில் ஏற்கனவே ஊறிய அமைப்பு இது. யாருக்கு மேல் என்ற கேள்வியையே இது எழுப்புவதில்லை. என் ஓட்டு இதற்குத்தான். நாயகம் வடசொல், தலைமை தமிழ் என்பார்கள். தமிழ்ச் சொல் வேண்டும்தான், ஆனால் பொருந்துகிற தமிழ்ச் சொல்லாக இருக்கட்டும்.

இலங்கையில் இதற்கு மகாதேசாதிபதி என்ற பழைய சொல்லும் உண்டு. 1972இல் இலங்கை குடியரசானபோது மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவதான் முதல் ஜனாதிபதி. அப்போது பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. பார்படோஸ் அதே வழியில் போக அரை நூற்றாண்டு ஆயிற்று. கம்பீரமான சொல்தான். ஆனால் ‘தேசாதிபதி’ என்றதும் இன்றைய வாசகர் நாட்டின் அதிபரையே நினைத்துக்கொள்வார்.

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் ‘ஆளுநர் நாயகி’ என்று பார்த்தேன். சினிமா போஸ்டர்தான் நினைவுக்கு வந்தது. ஜனநாயகத்துக்கு ஆண், பெண் உண்டா என்ன? நாயகம் என்பது பதவியின் தலைமையைக் குறிக்கிறது, அதில் யார் உட்கார்ந்தாலும் மாறாது.

இதே வியாதிதான் ‘பெண் பிரதமர் மியா மோட்லி’யும். முதல் முறை சொல்லலாம், அது செய்தி. டொமினிக்காவில் யூஜீனியா சார்ல்ஸ் 1980இலேயே பிரதமராகி 15 ஆண்டு ஆண்டுவிட்டார். மோட்லி 2018இல் மொத்தம் 30 தொகுதிகளையும் அள்ளி, 2022இல் மறுபடியும் அள்ளினார். இன்னமும் பெயருக்கு முன்னால் ‘பெண்’ ஒட்டிக்கொண்டே இருக்கிறது. 2018இல் அவரிடம் ஆட்சியைப் பறிகொடுத்த ஃபிராய்ண்டல் ஸ்டூவர்ட்டை ‘ஆண் பிரதமர்’ என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.