ஜீரணம் என்னும் சொல்லும் செரிமானமும்

கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ்களில் 'ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்' என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே வரும் ஜீர்ணமும், 'சாப்பிட்டது ஜீரணமாகவில்லை' என்கிறோமே, அந்த ஜீரணமும் ஒரே சொல்தான். முதுமையடைதல், தேய்தல் என்னும் பொருளுடைய வடமொழி வினையடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு நைந்தது, சிதைந்தது என்பது பொருள். மூப்பைக் குறிக்கும் 'ஜரா'வும் அதே அடியிலிருந்து வந்ததே. சிதைந்த கோயிலை மீட்டெடுப்பது ஜீர்ணோத்தாரணம். உண்ட உணவு வயிற்றுக்குள் சிதைவது ஜீரணம். சீரணம், அசீரணம் என்று கிரந்த எழுத்தை நீக்கி எழுதுவதும் உண்டு.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 942, 943, 944 ஆகிய மூன்று குறள்களும் அடுத்தடுத்து 'அற்றது', 'அற்றால்', 'அற்றது' என்று செரித்தலையே குறிக்கின்றன. 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்னும்போது, முன்பு உண்டது எச்சமின்றித் தீர்ந்ததை அறிந்து உண்ணுதல் என்று பொருள். இந்தப் பொருளில் 'அறுதல்' இன்று வழக்கொழிந்துவிட்டது ஓர் இழப்பே. பேச்சில் 'செமிக்கலை' என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் 'சமிபாடு', 'சமிபாட்டுத் தொகுதி' என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'செரிமானம்', 'செரிமான மண்டலம்' என்பவை நிலைபெற்றுள்ளன. 'செரி' என்னும் வினையோடு, வருமானம், பிடிமானம், கட்டுமானம் என்பவற்றில் வரும் 'மானம்' ஈறு சேர்ந்தது செரிமானம்.

'செரி' என்ற வினையை நாம் ஆளும் முறையையும் கவனிக்க வேண்டும். 'நான் சோற்றைத் தின்றேன்' என்று சொல்பவர், 'எனக்குச் சோறு செரிக்கவில்லை' என்கிறார். தின்றவர் எழுவாயாக நில்லாமல் நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிடுகிறார். உடலில் நிகழ்வதும் அப்படித்தான்: மெல்லுவதும் விழுங்கத் தொடங்குவதும் நம் விருப்பப்படி நடக்கின்றன, தொண்டையைக் கடந்தபின் நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, சுவையற்ற மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைப்பதே அதற்குக் காரணம். அந்த இனிப்புதான் நாவால் உணரக்கூடிய செரிமானம். இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் துணையோடு பெப்சின் புரதத்தை உடைக்கிறது. அமிலம் கலந்த அந்தக் கூழ் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள முன்சிறுகுடலுக்குள் சிறிது சிறிதாக இறங்கும்போது, கணையத்திலிருந்து வரும் நீர் அமிலத்தின் கடுமையைத் தணித்து, மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளைச் சேர்க்கிறது. கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் தேங்கும் பித்தநீரில் செரிமான நொதி இல்லை. அது கொழுப்பை நுண்துளிகளாகப் பிரித்து, கணைய நொதிக்கு வேலையை எளிதாக்குகிறது.

செரித்தலும் உறிஞ்சுதலும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் 'ஜீரணம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. குளுக்கோஸ் ஏற்கெனவே மிகச் சிறிய சர்க்கரை என்பதால் அதற்குச் செரிமானமே தேவையில்லை, சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் அதை நேராக எடுத்துக்கொள்கின்றன. பாலிலுள்ள லாக்டோஸோ லாக்டேஸ் நொதியால் இரண்டாக உடைந்தால்தான் உள்ளே போகும். அந்நொதி குறைந்தவர்களுக்குப் பால் குடித்தபின் வயிறு உப்புவது, சொல்லின் நேர்ப்பொருளிலேயே செரியாமை. குடலுறிஞ்சிகள் சேதமடைந்தவருக்கோ உணவு செரித்தும் உடலில் சேராது. அந்நிலையையும் செரியாமை என்று எழுதுவது பிழை. உறிஞ்சற்குறை என்று பிரித்து எழுதுவதே சரி.