ஆமை, இகுவானா, மலைப்பாம்பு: எதை வளர்க்கவே கூடாது, எதற்குப் பதிவு தேவை?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இப்போதோ ஆமையின் பின்னாலேயே அமீனாவும் வரக்கூடும். வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நட்சத்திர ஆமையை வாங்கித் தொட்டியில் விடுகிறவர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நட்சத்திர ஆமை, கண்மாயில் கிடைக்கும் பாலாமை, உடும்பு, நம் நாட்டு மலைப்பாம்பு, மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கும் கடலாமைகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ளவை. இவற்றைச் செல்லப்பிராணியாக வளர்க்க உரிமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்ற வாதம் எடுபடாது. பாம்பன், மண்டபம் பக்கத்து மக்களுக்கு இந்தச் சட்டம் புதிதல்ல. 2001-இல் கடல் அட்டைக்குத் தடை வந்ததும் இதன் கீழ்தான்.

வெளிநாட்டு ஊர்வனவற்றின் கதை வேறு. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிரினங்களை, 2022-இல் வந்த திருத்தம் நான்காம் பட்டியலாகச் சேர்த்தது. தென் அமெரிக்காவின் பச்சை இகுவானா, ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு போன்றவை இதில் வரும். இவற்றை வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. மறைத்து வைப்பதுதான் குற்றம். 2024 பிப்ரவரி 28-இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, விலங்கு கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்பே வைத்திருந்தவர்களுக்குத் தரப்பட்ட ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். எனவே விற்பவரிடம் விலையைப் பேசும் முன் அவருடைய பதிவுச் சான்றைக் கேளுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் சொன்னால், அந்த அப்புறம் உங்கள் தலையில்தான் விடியும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கண் ஓரத்தில் சிவப்புக் கோடுள்ள அமெரிக்க ஆமைதான். விற்கும்போது ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். இருபது, முப்பது ஆண்டு வாழும். ஓடு ஒரு அடி வரை வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும் பலருக்கும் தோன்றுவது ஊருணியும் கண்மாயும்தான். அங்கே விட்டால் அது நம் பாலாமையோடும் காராமையோடும் இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடும். உலகின் பல நாடுகளில் இப்படித்தான் பரவியது. அயல் உயிரினங்கள் பரவிவிடாமல் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவும் 2022 திருத்தத்தில் உண்டு. விலைக்கு வாங்கிய ஆமையை நீர்நிலையில் விடுவது புண்ணியமாகாது.

நோய் ஆபத்தும் இருக்கிறது. பார்க்க நலமாக இருக்கும் ஆமையும் பல்லியினமும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குஞ்சுகளை விற்கத் தடை வந்தது இதனால்தான். சிறுவர்கள் அவற்றை வாயில் வைத்துவிடுகிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் இவை வேண்டாம். தொட்டியைச் சமையலறையில் கழுவவும் கூடாது.

முதல் பட்டியல் உயிர் எதுவும் எப்படியாவது உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 39. இப்படிப் பிடிபட்டவை அரசின் சொத்து. கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும்.