மண்டையோடு: கலத்திலிருந்து கழுத்தணி வரை

மோதிரத்தில், கைப்பையில், குழந்தைகளின் சட்டையில், பச்சை குத்திய தோளில் என்று எங்கும் ஒரே முகம். கண்ணிருந்த இடத்தில் இரண்டு குழிகள், மூக்கிருந்த இடத்தில் ஒரு பிளவு, மூடுவதற்கு உதடில்லாத பல்வரிசை. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் பலர் 'எலும்புக்கூடு' என்றுவிடுகிறார்கள். அது சரியல்ல. எலும்புக்கூடு என்பது உச்சி முதல் பாதம் வரையுள்ள முழு உடலின் எலும்பமைப்பு. தலைப்பகுதி மட்டும் என்றால் அது மண்டையோடு. மனித மண்டையோட்டில் 22 எலும்புகள் உண்டு. அவற்றில் மூளையைப் பொதிந்திருக்கும் 8 எலும்புகளைக் கபால எலும்புகள் என்றும், மற்ற 14-ஐ முக எலும்புகள் என்றும் உடற்கூற்றியல் பாடநூல்கள் பிரிக்கின்றன. ஆக, அறிவியல் எழுத்தில் கபாலமும் மண்டையோடும் ஒன்றல்ல. முன்னது பின்னதின் ஒரு பகுதி.

மண்டை என்ற சொல் முதலில் தலையைக் குறிக்கவில்லை. பழந்தமிழில் அது வாயகன்ற ஒரு கலம். குறிப்பாக, இரப்பவர் கையில் ஏந்தும் கலம். புறநானூற்றின் 103-ஆம் பாட்டில் ஒரு விறலி வழியோரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இசைக்கருவிகள் தொங்குகின்றன. அவளுடைய மனக்கவலையை ஔவையார் 'கவிழ்ந்த மண்டை மலர்க்குநர் யார்' என்று சொல்கிறார். கவிழ்ந்து கிடக்கும் இந்தக் கலத்தை நிமிர்த்தி நிரப்புவோர் யார் என்று பொருள். மன்னன் அதியமான் அஞ்சியிடம் போ, அவன் அருகில்தான் இருக்கிறான் என்று ஔவை வழிகாட்டுகிறார். இந்தப் பாட்டில் மண்டையைத் தலை என்று படித்தால் பொருளே கெட்டுப்போகும்.

ஓடு என்ற சொல்லும் இதே வழியில் வருவதுதான். ஆமைக்கும் நத்தைக்கும் முட்டைக்கும் ஓடு உண்டு. உடைந்த மண்கலத்தின் துண்டும் ஓடுதான். துறவி ஏந்துவது திருவோடு. 'ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்' என்று சேக்கிழார் அடியார்களைப் பாடும்போது, பொன்னுக்கு எதிரில் நிறுத்துவது மதிப்பற்ற அந்த ஓட்டைத்தான். மண்டையும் கலம், ஓடும் கலம். தலையின் வன்மையான மேற்பகுதியைப் பார்த்தவர்களுக்கு அது கவிழ்த்து வைத்த பாத்திரமாகத் தோன்றியிருக்கிறது. அதனால் கலத்தின் பெயரே தலைக்கும் ஏறியது.

இது தமிழுக்கு மட்டும் உரிய பார்வையன்று. வடமொழியின் கபாலம் என்ற சொல்லுக்கும் ஓடு, கிண்ணம், மண்டையோடு என்ற பொருள்கள் உண்டு. லத்தீனில் மண்பானையையும் பானை ஓட்டையும் குறித்த 'டெஸ்டா' என்ற சொல்லிலிருந்துதான் பிரெஞ்சு மொழியில் தலைக்கு 'டெட்' என்ற பெயர் வந்தது. ஜெர்மானியர் தலையைச் சொல்லும் 'கோப்ஃப்' என்பதன் வேரும் கோப்பைதான்.

கபாலம் தமிழுக்குப் புதிதாக வந்த சொல்லும் அல்ல. கலித்தொகையின் கடவுள் வாழ்த்திலேயே, தலையை அங்கையில் கொண்டு இறைவன் ஆடும் 'காபாலம்' என்ற கூத்து வந்துவிடுகிறது. 'தலைமாலை தலைக்கணிந்து தலையாலே பலிதேரும் தலைவன்' என்கிறார் அப்பர். அணிவதும் தலை, பிச்சைக்கு ஏந்துவதும் தலை. தேவாரத்தில் இதற்கு வெண்டலை என்ற சொல்லும் உண்டு. தசை நீங்கி வெளுத்த தலை என்ற முழுக் காட்சியையும் அந்த ஒரே சொல் தந்துவிடுகிறது. இவ்வளவு அழகான சொல்லை இன்று யாரும் எடுத்து ஆளாதது எனக்கு வருத்தம் தருகிறது.

கலமும் தலையும் ஒன்றாகவே இருந்ததற்கு நல்ல சான்று, முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகம். காஞ்சியில் திரியும் சத்தியசோமன் என்ற காபாலிகன், அதாவது மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி, தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். அவனுக்கு அதுதான் பிச்சைப் பாத்திரம், மதுக்கிண்ணம், விரதத்தின் அடையாளம் எல்லாமே. ஒரு பௌத்தத் துறவிதான் திருடினார் என்று சண்டை பிடிக்கிறான். கடைசியில், ஒரு நாய் கவ்விச் சென்றதைப் பித்தன் ஒருவன் மீட்டுவந்திருப்பது தெரிகிறது. நாடகம் முழுக்க ஒரு மண்டையோட்டைத் தேடி நடக்கிறது. ஆனால் அதில் அச்சத்தின் சாயலே இல்லை. தொலைந்துபோன ஒரு பாத்திரத்தைத் தேடும் பதற்றம்தான் இருக்கிறது.

தலைமாலை என்றதும் ஓர் எச்சரிக்கை. காளியின் கழுத்தில் கிடப்பதை வடமொழியில் 'முண்டமாலா' என்பார்கள். அங்கே முண்டம் என்றால் தலை. அந்த மாலையின் 50 தலைகள் வடமொழி நெடுங்கணக்கின் 50 எழுத்துகள் என்பது தாந்திரிக விளக்கம். ஆனால் இன்றைய தமிழில் முண்டம் என்றால் தலையில்லாத உடல். அப்படியே 'முண்டமாலை' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அப்பர் தந்த தலைமாலை கையிலிருக்கும்போது அந்தக் குழப்பம் எதற்கு?

விவிலிய மொழிபெயர்ப்பிலும் இந்தச் சொற்களின் மாற்றத்தைக் காணலாம். இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவைப் பழைய மொழிபெயர்ப்பு 'கபாலஸ்தலம்' என்றது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு 'மண்டையோட்டு இடம்' என்கிறது. சிலுவையின் அடியில் ஒரு மண்டையோட்டை வரையும் ஐரோப்பிய ஓவிய மரபும் இதையொட்டி எழுந்ததே. அது ஆதாமின் தலை என்பது நம்பிக்கை.

அந்த ஐரோப்பிய மரபில் மண்டையோடு 'நீயும் சாவாய், மறவாதே' என்று சொல்லும் சின்னமாயிற்று. ஓவியர் ஹோல்பைன் 1533-இல் வரைந்து, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் 'தூதர்கள்' ஓவியத்தைப் பாருங்கள். பட்டும் மென்மயிரும் அணிந்த இருவர் நிற்கிறார்கள். நடுவே உலக உருண்டை, வானியல் கருவிகள், நரம்பொன்று அறுந்த வீணை போன்ற இசைக்கருவி. காலடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ இழுபட்ட கறை. நேரே நின்றால் அது என்னவென்று புரியாது. ஓவியத்தின் ஓரத்துக்கு நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் கறை திரண்டு மண்டையோடாகிறது. அப்போது தூதர்கள் கோணலாகிவிடுகிறார்கள். சாவை நினைவூட்டும் இவ்வகைப் படங்கள் 17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் தனி வகையாகவே வளர்ந்தன. இவற்றை 'வனிதாஸ்' என்று லத்தீன் பெயரால் எழுத வேண்டியதில்லை. திருக்குறளின் 34-ஆம் அதிகாரத் தலைப்பு நிலையாமை. 'நிலையாமை ஓவியம்' என்றால் தமிழ் வாசகருக்கு விளக்கவுரையே தேவையில்லை.

கடற்கொள்ளையரின் கொடியில் 1700 வாக்கில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் மணற்கடிகாரமும் இடம்பெற்றன. நேரம் முடிகிறது, சரணடை என்பது அதன் செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே படம் நச்சுப் புட்டிகளின் முத்திரையாயிற்று. இன்றும் கொடிய நச்சு வேதிப்பொருளின் மேல், சிவப்புச் சாய்சதுரத்துக்குள் அதைத்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் குழந்தைகளுக்கு அது கொள்ளையர் கதையையும் சாகசத்தையுமே நினைவூட்டியது. அதனால்தான் பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனை 1971-இல், நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் பச்சை முகத்தை நஞ்சுக்கு மாற்றுச் சின்னமாகக் கொண்டுவந்தது.

எல்லா மண்டையோடும் வெறும் அலங்காரமல்ல என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரஷ்யக் குதிரைப் படையினர் 18-ஆம் நூற்றாண்டில் தொப்பியில் அணிந்த 'டோட்டன்கோப்ஃப்' என்ற இறந்தவர் தலைச் சின்னத்தை நாஜிகளின் எஸ்.எஸ். படை எடுத்துக்கொண்டது. வதைமுகாம்களைக் காவல் காத்த பிரிவுகளுக்கு அதுவே பெயர். இந்த இடத்தில் 'மண்டையோட்டுச் சின்னம்' என்று பொதுவாக மொழிபெயர்த்து நகர்வது வரலாற்றை மறைப்பதாகும். மூலப் பெயரையே எழுதி, அது யாருடையது என்றும் சொல்லிவிட வேண்டும்.

மெக்சிகோவில் நிலைமை நேர்மாறு. அங்கே 'கலவேரா' என்றால் மண்டையோடு. நவம்பர் 1, 2 நாள்களில் இறந்தோரை வரவேற்கும் விழாவுக்குச் சர்க்கரையில் மண்டையோடு வார்த்து, பூவும் கோலமுமாக வண்ணம் தீட்டி, நெற்றியில் பெயர் எழுதுகிறார்கள். 1913-இல் மறைந்த ஓவியர் போசாதா, ஐரோப்பிய நாகரிகத்தைப் போலிசெய்து தன் வேரை மறைத்தவர்களைக் கேலி செய்ய, பெரிய தொப்பியணிந்த மண்டையோட்டுச் சீமாட்டியை வரைந்தார். தியேகோ ரிவேரா 1947-இல் தம் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உருவமும் உடையும் தந்தார். இன்று உலகெங்கும் ஆடைகளில் காணும் பூ வேய்ந்த மண்டையோடுகள் பெரும்பாலும் இந்த மரபின் பிள்ளைகளே. அவற்றைப் பயங்கரம் என்று வருணிப்பது பிழை.

ராக் இசைக் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் 1970-களின் இறுதியிலிருந்து அணியும் வெள்ளி மோதிரம், ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன் 2003-இல் கொண்டுவந்த கழுத்துத் துணி ஆகியவை மண்டையோட்டைக் கலகக்காரரின் அடையாளத்திலிருந்து பொது நாகரிகத்துக்குக் கொண்டுவந்தன. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 2007-இல் ஒரு மண்டையோட்டைப் பிளாட்டினத்தில் வார்த்து 8,601 வைரங்களைப் பதித்தார். பற்கள் மட்டும் உண்மையானவை.

இவற்றைத் தமிழில் எழுதும்போது ஓர் இலக்கணக் குறிப்பு. 'மண்டையோடு மோதிரம்' என்று எழுதினால், மண்டையுடன் சேர்ந்த மோதிரம் என்றும் படிக்க இடமுண்டு. 'ஓடு' வேற்றுமை உருபாகவும் வருவதே காரணம். வீடு வீட்டு என்றும் காடு காட்டு என்றும் ஆவதுபோல ஓடும் ஓட்டு என்றாக வேண்டும். மண்டையோட்டு மோதிரம், மண்டையோட்டுக் கொடி, மண்டையோட்டுப் படம் என்பவையே சரியான வடிவங்கள்.

கைபேசியில் இளைஞர்கள் அனுப்பும் மண்டையோட்டு எமோஜிக்கு மட்டும் இந்தச் சொல் எதுவும் பொருந்தாது. அடக்க முடியாத சிரிப்பைக் காட்டவே அவர்கள் அதை மிகுதியாக அனுப்புகிறார்கள். உரையாடலைத் தமிழாக்கும்போது அந்த இடத்தில் 'சிரித்தே செத்தேன்' என்று எழுதிவிட்டால் போதும்.